மொய் நோட்டும் பேலன்ஸ் ஷீட்டும்

புதுக்கோட்டையில் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருப்பவனைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் வரி கட்ட வருவார்கள், மீதிப் பேர் அதைக் குறைக்க வழி கேட்டு வருவார்கள். ஜூன் மாதத்தில் மட்டும் இன்னொரு கூட்டம் சேர்ந்துகொள்ளும். பையனையோ பெண்ணையோ பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "பி.காம் சீட்டு கிடைச்சிருக்குங்க சார், இத வச்சு மெட்ராஸ்ல பெரிய கம்பெனிக்குப் போயிற முடியுமா?" என்று கேட்கும் தகப்பன்மார். கன்சல்டிங், ஃபைனான்ஸ் என்கிற சொற்கள் இந்தப் பிள்ளைகள் வாயில் வர ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே கேள்வி: பேங்கு வேலை கிடைக்குமா?

வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் வியாபாரத்துக்குள்ளேயே வளர்ந்தவர்கள். உரக்கடை, பூ மண்டி, முந்திரிக் கொட்டகை, ஏலச்சீட்டு, மொய் என்று ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கும். பத்தாவது படிக்கும்போதே கடன் நோட்டு எழுதியிருப்பார்கள். அது ஒரு தகுதி என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. இன்டர்வியூவில் 'உன்னைப் பற்றிச் சொல்' என்றால் அதை மட்டும் விட்டுவிட்டு, இணையத்தில் பார்த்து மனப்பாடம் செய்த நாலு வாக்கியத்தை ஒப்பிப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக ஆபீசில் நான் செய்த வேலையில் பாதி, அந்த ஒப்பித்தலை நிறுத்த வைத்தது.

நான் மன்னர் கல்லூரியில் பி.காம் படித்தது எண்பதுகளின் தொடக்கத்தில். சேஷையா சாஸ்திரி காலத்தில், 1880இல் தொடங்கிய கல்லூரி. ஆர்.எல். குப்தாவும் ராதாசாமியும் சேர்ந்து எழுதிய தடிப் புத்தகத்தை நாலு பேர் பங்கு போட்டுப் படிப்போம். கணக்கு நன்றாக வரும். ஆனால் சி.ஏ. என்று ஒரு படிப்பு இருப்பதும், அதற்கு ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருஷம் ஆர்டிகிளாக இருக்க வேண்டும் என்பதும் கடைசி வருஷத்தில்தான் தெரிந்தது. அதே வயதில் திருச்சியிலும் சென்னையிலும் பையன்கள் ஆபீசே பார்த்து வைத்திருந்தார்கள். ஊருக்கும் நகரத்துக்கும் இருந்த வித்தியாசம் மூளையிலோ மார்க்கிலோ இல்லை. வீட்டிலோ தெருவிலோ அந்த வழியில் போய்வந்தவர் ஒருவர் இருந்தாரா இல்லையா என்பதுதான். இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். தகவல் எல்லாம் செல்போனில் கிடைக்கிறது என்பார்கள். கிடைக்கிறது. எதை எந்த மாதத்தில் செய்ய வேண்டும் என்பதைப் போய்வந்தவர்தான் சொல்ல முடிகிறது.

திருச்சியில் ஆர்டிகிள் சேர்ந்தேன். பொன்னமராவதி, ராயவரம் பக்கத்தில் சில அறக்கட்டளைகளின் கணக்கைத் தணிக்கை செய்ய எங்களை அனுப்புவார்கள். அங்கே ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். யுத்தத்துக்கு முன்னால் மலேயாவில் ஒரு செட்டியார் மார்க்காவில் அடுத்தாளாக இருந்தவர். நகரத்தார் கடைகளில் பையனைப் பெட்டியடியில் உட்கார வைப்பார்களாம். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, வருகிறவன் போகிறவனைப் பார்த்துக்கொண்டே சில்லறையும் சிட்டையும் பழக வேண்டும். அப்புறம் அடுத்தாள். அப்புறம் மேலாள். கடல் கடந்து கடைக்குப் போகிற ஆளுக்கு மூன்று வருஷக் கணக்கு, அது முடிந்தால் ஊருக்கு வந்து கணக்கை ஒப்படைக்க வேண்டும். எங்களுக்கும் மூன்று வருஷம் என்று நான் சொன்னபோது, "அப்ப நீயும் பெட்டியடிதான்" என்று சிரித்தார்.

நான் பச்சைப் பென்சிலை வைத்துக்கொண்டு வவுச்சரையும் பேரேட்டையும் ஒத்துப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே போவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "தொகையை மட்டும் பாத்துக்கிட்டே போறியே, ஆளைப் பாரு. இந்த ஆளு எதுக்கு இந்த மாசம் ரெண்டு தடவை வாங்கியிருக்கான்?" என்றார். கேட்டுப் பார்த்ததில் ஒரே வேலைக்கு இரண்டு பில். எந்தப் புத்தகமும் எனக்கு அதற்கு மேல் தணிக்கையைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிக் கீழ ராஜ வீதிக்கு அருகில் மாடியில் ஒரு அறை பிடித்தபோது நல்ல காலம். நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றுமுதல் உள்ள வியாபாரிகளுக்கு வரித் தணிக்கை கட்டாயம் என்ற 44ஏபி பிரிவு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதுவரை ஆடிட்டரைக் கண்ணால் பார்த்திராத மண்டிக்காரர்களும் மில்காரர்களும் ஏறி வந்தார்கள். எனக்கும் ஆர்டிகிள் பையன்கள் தேவைப்பட்டார்கள். அப்போது நான் வைத்த தேர்வு ஒன்றே ஒன்று. ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்கிற ஒருவரின் கணக்கைக் கையில் கொடுத்து, 'இது சரியா?' என்று கேட்பேன்.

பி.காமில் முதல் வகுப்பு வாங்கியவன் கூட்டல் சரியா என்று பார்ப்பான், சரியாகவே இருக்கும். ஆதனக்கோட்டையில் பிறந்த பையன் ஒருவன் மட்டும் கொள்முதல் பக்கத்தையும் விற்பனைப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, "சார், நாலு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு வந்தாலே நல்ல வரத்து. இவரு ஆறு கிலோவுக்கு ஒரு கிலோன்னு எழுதியிருக்காரே, மிச்சப் பருப்பு எங்க போச்சு?" என்றான். அவனுடைய பி.காம் மார்க் சுமார்தான். சேர்த்துக்கொண்டேன். பின்னால் சென்னையில் ஒரு பெரிய ஆலையின் காஸ்டிங் பிரிவுக்குத் தலைவனாகப் போனான். ஆலைகளை ஆராய்ந்து அறிக்கை தருகிற கன்சல்டன்ட் முதல் வாரம் செய்கிற வேலையும் இதுதான்: உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, நடுவில் காணாமல் போனது எங்கே. அதற்கு அழகான படங்கள் வரைவார்கள், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் நடந்த மாற்றத்துக்கும் எங்கள் தொழிலுக்கும் நேர்ச் சம்பந்தம் இருந்ததாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை. 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இந்த மாவட்டத்தில் பெண்களைச் சைக்கிள் ஏற வைத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் கல்குவாரிப் பெண்களெல்லாம் சைக்கிளில் போனதை ஊரே நின்று பார்த்தது. அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு பெண் ஆலங்குடிச் சாலையில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் நிறுத்தினாள். அவளுடைய அம்மா குவாரியில் வேலை செய்தவர். தகப்பனார் மட்டும் என்னிடம், "வெளியூர் ஆடிட்டுன்னா ராத்திரி தங்கணுமாங்கய்யா?" என்று கேட்டார். "தங்க வேண்டாம்ணே, கடைசி பஸ்ஸுக்குள்ள திரும்பிற மாதிரி ஏற்பாடு பண்ணித் தர்றேன்" என்றேன். சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் என்ற பெண்மணி 1933இலேயே இந்தியாவின் முதல் பெண் கணக்காளராகத் தேறியவர் என்பதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அது அவரை அசைக்கவில்லை, கடைசி பஸ் கணக்குத்தான் அசைத்தது. பெண்கள் வந்த பிறகு ஆபீசில் ஃபைல்கள் ஒழுங்கானதும், வியாபாரிகள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்ததும் உபரி லாபம்.

ஏப்ரல் மாதம் பேங்கு கிளைத் தணிக்கை. கிராமக் கிளைகளில் நகைக்கடனும் பயிர்க்கடனும்தான் பெரும் புத்தகம். ஆர்டிகிள் பிள்ளைகளுக்கு அதுதான் உண்மையான பள்ளிக்கூடம் என்பேன். கடன் வாங்கியவர் பெயரை வாசித்துவிட்டு, அந்தக் கிராமத்தில் அந்த வருஷம் மழை பெய்ததா என்று கேட்காத பிள்ளையை மறுநாள் கூட்டிப் போகமாட்டேன். மழை இல்லாத வருஷத்தில் எல்லாப் பயிர்க்கடனும் மார்ச் 31க்கு முன்னால் கட்டி முடிந்ததாக இருந்தால், அது பெரும்பாலும் கட்டியதல்ல, புரட்டியது. பழைய கடனை அடைத்த அதே நாளில் புதுக் கடன் போயிருக்கும்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் வெளியானபோது, ஆபீசில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து அதை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். வங்கியில் இருப்பதாகக் காட்டிய ஐயாயிரம் கோடிக்கு மேற்பட்ட பணம் இல்லவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம்: வங்கிக்கு இருப்பு உறுதிக் கடிதத்தை நாமே அனுப்ப வேண்டும், பதிலை நாமே வாங்க வேண்டும். கட்சிக்காரர் கையில் கொண்டுவந்து கொடுக்கிற கடிதம் செல்லாது, அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும். இதைச் செய்து பழகிய பிள்ளை எந்த இன்டர்வியூவிலும் தணிக்கைச் சான்று பற்றிய கேள்விக்குத் திணறியதில்லை.

இதற்கிடையில் சென்னை மாறிவிட்டிருந்தது. 2001 வாக்கில் உலக வங்கியும் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டும் தங்கள் பின்னணிக் கணக்கு வேலைகளைச் சென்னையில் வைத்துச் செய்ய ஆரம்பித்தன. பிறகு அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளும், பிக் ஃபோர் என்று சொல்லப்படும் நாலு தணிக்கை நிறுவனங்களின் உலகளாவிய சேவைப் பிரிவுகளும் ஒவ்வொன்றாக வந்தன. பி.காம் படித்தவனுக்கு முதன்முறையாக ஊருக்கும் அரசு வேலைக்கும் வெளியே ஒரு சம்பளம் தெரிந்தது. ஆனால் அந்த வாசலில் ஆள் எடுக்கிற விதம் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனிதர் யாராவது பேப்பரைத் தேடிப் பார்த்து எடுப்பார் என்று நினைத்தார்கள்.

முதல் வடிகட்டலை அங்கே மனிதர் செய்வதே இல்லை. சி.ஏ. இன்ஸ்டிடியூட் வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துகிற கேம்பஸில் ஆயிரக்கணக்கான பேர் பதிவு செய்வார்கள். நிறுவனம் முதலில் பார்ப்பது எத்தனையாவது முயற்சியில் தேறினாய், ஆர்டிகிள் எந்த ஆபீசில், பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் என்ன மார்க். ஒவ்வொரு பேப்பரிலும் நாற்பது, குரூப்பில் மொத்தம் ஐம்பது சதவீதம் வாங்கினால் பாஸ். ஒரு பேப்பரில் அறுபது வந்தால், மற்றது போனாலும் அந்தப் பேப்பருக்கு விலக்கு. இந்த விலக்கை நம்பித் தவணை முறையில் பாஸ் செய்வது எங்கள் பக்கத்தில் ஒரு கலையாகவே இருந்தது. சொந்தமாக ஆபீஸ் போடுகிறவனுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. எத்தனையாவது முயற்சி என்று எந்த மண்டிக்காரரும் கேட்கமாட்டார். கேம்பஸுக்குப் போகிறவனுக்கோ அது பெயருக்குப் பக்கத்தில் கடைசிவரை நிற்கும். எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பரீட்சைப் படிவத்தையே நிரப்ப வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் சுமை. சி.ஏ. பரீட்சையை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். 'இங்கிலீஷ் வராது சார்' என்று வருகிறவர்களை நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்பியதில்லை. தினம் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் வாசித்து, அதில் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் அவர்களே ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்குவார்கள். விஷயம் புரிந்தவனுக்கு மொழி வந்துவிடும். விஷயம் இல்லாமல் மொழி மட்டும் வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சென்னையில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது என்று என் பழைய மாணவன் ஒருவன் சொல்கிறான்.

கன்சல்டிங் கதைக்கு வருகிறேன். திருச்சிக்குப் போகிற பஸ் சூரியூர் பக்கம் வரும்போது இந்திய மேலாண்மைக் கழகத்தின் வளாகம் தெரியும். திருச்சி ஐ.ஐ.எம். 2011இல் தொடங்கியது, சில வருஷம் கழித்துப் புதுக்கோட்டை மெயின் ரோட்டிலேயே சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த வாசலை வாரத்துக்கு எத்தனையோ தடவை கடந்து போகிறார்கள். அதற்குள்ளே போக கேட் என்று ஒரு தேர்வு உண்டு, ஆகஸ்டில் பதிவு, நவம்பர் கடைசி ஞாயிறு வாக்கில் பரீட்சை, கல்லூரிக் கடைசி வருஷத்திலேயே எழுதலாம் என்பது கேட்டால் பத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

வடகாட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன். பி.காம் முடித்து, சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் கணக்குப் பிரிவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு கேட் எழுதினான். மதிப்பெண் நன்றாக வந்தது. இன்டர்வியூவுக்கு அழைப்பும் வந்தது. ஓ.பி.சி. சான்றிதழில்தான் சிக்கியது. நம் ஊர்த் தாலுகா ஆபீஸ் தருகிற சாதிச் சான்றிதழ் வேறு, மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயர் இல்லை' என்று தருகிற சான்றிதழ் வேறு. கடைசி வாரத்தில் ஓடி வாங்கினான். இப்போது ஜூனில் வருகிற எல்லோரிடமும் முதல் நாளே அதைச் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்குப் படிக்காமல் தோற்றவர்களைவிட, காகிதம் நேரத்துக்கு வராமல் தோற்றவர்களைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரியும்.

இன்டர்வியூவுக்குப் பழக என்னிடம் வந்த அந்த வடகாட்டுப் பையன், "எங்க அப்பா விவசாயி, எனக்குச் சொல்லிக்க ஒண்ணும் இல்ல சார்" என்றான். "உங்க வீட்டுல போன ஆடியில என்ன நடந்துச்சு தம்பி?" என்று கேட்டேன். மொய் விருந்து நடந்திருந்தது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விவரம். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அணவயல், எல்லை தாண்டினால் பேராவூரணி வட்டாரம், இங்கெல்லாம் ஆடி ஆவணியில் கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமல் மொய்க்காக மட்டுமே விருந்து வைப்பார்கள். செலவைக் குறைக்கப் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. கறிச்சோறு போட்டு, நோட்டு எழுதி, பணம் வாங்குவார்கள். முன்பு நாலு பேர் உட்கார்ந்து எழுதியது போய், இப்போது கணினியில் ரசீது, பணம் எண்ணும் இயந்திரம், பந்தலிலேயே வங்கி ஊழியர்கள் என்று ஆகிவிட்டது. வாங்கிய பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போடுவார்கள், கடை வைப்பார்கள், பையனைச் சிங்கப்பூர் அனுப்புவார்கள். யார் எவ்வளவு செய்தார்களோ, அவர்கள் வைக்கும்போது அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். கூடுதலாகச் செய்கிற தொகைக்குப் புது நடை என்று பெயர், அது அடுத்த சுற்றுக்குப் போகும். எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரம் எதுவும் கிடையாது.

இதில் ஆடிட்டருக்கு ஒரு தலைவலி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மொய் அன்பளிப்பு என்று சொன்னால், கல்யாணம் தவிர்த்த நேரத்தில் உறவல்லாதவர்களிடம் வாங்கியது வருஷத்துக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் வருமானம் என்று வரிச் சட்டம் சொல்லும். திருப்பித் தர வேண்டிய கடன் என்று சொன்னால், இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று இன்னொரு பிரிவு சொல்லும். ஆவணி முடிந்ததும் கட்சிக்காரர்கள் வந்து "எதைச் சொல்லட்டும்?" என்று கேட்பார்கள். என் பதிலை இங்கே எழுதினால் தொழில் நடக்காது.

பையனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, உங்கள் அப்பாவின் மொய் நோட்டை பேலன்ஸ் ஷீட்டாக எழுது என்றேன். அன்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தான். இரண்டாவது டீக்குப் பிறகு அவனே பேச ஆரம்பித்தான். வாங்கிய தொகை முழுவதும் பொறுப்பு. ஆனால் எப்போது திருப்பிக் கேட்பார்கள் என்று தெரியாது, அவர்கள் விருந்து வைக்கும்போதுதான் தெரியும். ஆகவே இது வட்டியில்லாக் கடன், ஆனால் தவணை தெரியாத கடன். முழுப் பணத்தையும் கிணற்றில் போட்டுவிட்டால், அடுத்த ஆடியில் பத்துப் பேர் பத்திரிகை வைக்கும்போது கையில் ரொக்கம் இருக்காது, அப்போது நகை பேங்குக்குப் போகும். "புது நடை நின்னுருச்சுன்னா, வரிசையில கடைசியா வைக்கிறவனுக்கு அடி விழும் சார். கஜா புயல்ல தென்னை சாஞ்சப்பவும் கொரோனாவுலயும் எங்க ஊர்ல அதான் நடந்துச்சு." 2018 நவம்பரில் வந்த கஜாவும் 2020இன் ஊரடங்கும் அடுத்தடுத்து அந்த வட்டாரத்தின் சுழற்சியை எப்படி இடித்தன என்று, அவன் அப்பாவின் நோட்டில் வசூலாகாமல் நின்ற பெயர்களை வைத்தே விளக்கினான்.

ரொக்க ஓட்டம், வாராக் கடன், முதிர்வுப் பொருத்தமின்மை என்று பாடப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாகக் கிடப்பதெல்லாம் அந்த ஒரு நோட்டில் இருந்தது. இன்டர்வியூவில் அதையே சொன்னான். பேராசிரியர்கள் மற்ற கேள்விகளை விட்டுவிட்டு நேரம் முழுக்க மொய்யைப் பற்றியே கேட்டார்களாம். "ஒருவர் திருப்பிச் செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்றதற்கு, "அடுத்த விருந்துக்குப் பத்திரிகை வராது சார், எங்க ஊர்ல அதுக்கு மேல தண்டனை கிடையாது" என்று சொல்லியிருக்கிறான். இடம் கிடைத்தது. இருபது லட்சத்தை ஒட்டிய கட்டணத்துக்குப் பிணையில்லாமல் வங்கிக் கடன் கிடைத்தது. ஐ.ஐ.எம்.களில் சேர்கிறவர்களுக்கு வங்கிகள் அப்படித் தனித் திட்டமே வைத்திருக்கின்றன. அவனுடைய அப்பாவுக்கு அந்தக் கடன் தொகை பயமாக இருந்தது. எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அங்கே போன பிறகு, கன்சல்டிங் வேலைக்கு ஆள் எடுக்க கேஸ் இன்டர்வியூ என்று ஒன்று. ஒரு நிறுவனத்தின் பிரச்சினையைச் சொல்லி, எப்படி அணுகுவாய் என்று கேட்பார்கள். சில சமயம் ஊகக் கணக்கு. அவன் போனில் அழைத்து என்னிடமே பழகுவான். "புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கும்?" என்று நான் கேட்பேன். மணிக்கு அறுபது பஸ் என்று வைத்துக்கொள்கிறேன் சார், காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை பதினாறு மணி நேரம், தொள்ளாயிரத்து அறுபது பஸ், பஸ்ஸுக்கு முப்பது பேர் ஏறினால் ஏறக்குறைய இருபத்தொன்பதாயிரம் பேர், ஐந்தில் ஒருவர் குடித்தால் ஐயாயிரத்து எண்ணூறு டீ. விடை சரியா என்று யாரும் எண்ணப் போவதில்லை. அறுபது பஸ் என்று ஏன் வைத்தாய், முகூர்த்த நாளில் என்ன ஆகும், கடைக்காரர்களும் கண்டக்டர்களும் குடிக்கிற டீ எங்கே என்று கேட்டால் தடுமாறாமல் இருக்க வேண்டும், அதுதான் பரீட்சை. அந்தக் கடைசிக் கேள்வியில் முதலில் தடுமாறினான். கண்டக்டர் காசு கொடுக்கமாட்டார், ஆகவே விற்பனையில் சேராது என்று மறுநாள் மெசேஜ் அனுப்பினான்.

1926இல் சிகாகோவில் மெக்கின்சி நிறுவனத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் மெக்கின்சி, கணக்கியல் பேராசிரியர். கன்சல்டிங் கணக்குப் புத்தகத்திலிருந்து பிறந்த தொழில் என்று அவனிடம் பெருமையடித்துக்கொண்டேன். "அங்க யாரும் அப்படிச் சொல்றதில்ல சார்" என்றான்.

இப்போது வருகிற பிள்ளைகளிடம் வழி தெரியாத குறை இல்லை, வழிகள் அதிகமாகிவிட்ட குறை. சி.எஃப்.ஏ., ஏ.சி.சி.ஏ., அமெரிக்க சி.எம்.ஏ. என்று கல்லூரி வாசலிலேயே விற்கிறார்கள். படிப்புகள் நல்ல படிப்புகள்தான். சி.எஃப்.ஏ. மூன்று நிலை, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் டாலரில். முதல் நிலைக்குப் பணம் கட்டிவிட்டு, அதைத் தொடர முடியாமல் வந்த பிள்ளைகளையும் பார்க்கிறேன். அதைவிட மோசம், வேலையே செய்யாமல் பணம் வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிற கடைகள். அப்படி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்த பெண்ணிடம், "இங்க என்ன பண்ணினே பாப்பா?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணல சார், எல்லாரும் வாங்குனாங்க" என்று நேர்மையாகச் சொன்னாள். அவளுடைய அம்மா மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர், அந்த நோட்டுகளை நாலு வருஷமாகச் சரிபார்த்ததே இவள்தான். காகிதத்தைக் கிழித்துப் போடச் சொல்லி, குழுக் கணக்கை எழுத வைத்தேன்.

அரசின் நான் முதல்வன் திட்டம் 2022இல் வந்தபின் கல்லூரியிலேயே வங்கி, நிதிச் சேவைப் பாடங்கள் சொல்லித்தருகிறார்கள். அதில் எக்செல் ஒழுங்காகப் படித்து வருகிற பிள்ளைக்கு என் ஆபீசில் ஒரு மாதம் மிச்சம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு எங்களிடம் எழுத்து வேலையும் குறைந்துவிட்டது. கூட்டிப் போடுவதை மென்பொருள் செய்கிறது, போட்டது ஏன் என்று கேட்கத்தான் ஆள் வேண்டும்.

பேங்கு பரீட்சை எழுதுகிறவர்களை இந்தப் புதுக் கூட்டம் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. கிளார்க் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று 2021இல் முடிவானது. எத்தனையோ வீடுகளில் தங்கை கல்யாணத்துக்கும் கூரை மாற்றவும் அந்த ஒரு சம்பளம்தான் வழி. மூன்று வருஷம் கழித்துக் கிடைக்கப்போகிற பெரிய சம்பளத்துக்காகக் காத்திருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். அந்த வசதி இல்லாத பிள்ளையிடம் 'கனவு காண்' என்று சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கும். முதலில் பேங்கில் சேர், உள்ளே போய் எழுது என்பேன். அப்படிப் போய், கடன் மதிப்பீட்டுப் பிரிவில் இன்று நல்ல பெயரோடு இருப்பவர்கள் உண்டு.

இப்போது ஆபீசில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. 2023இல் வந்த சி.ஏ. புதுத் திட்டத்தில் ஆர்டிகிள்ஷிப் இரண்டு வருஷமாகக் குறைந்துவிட்டது, இன்டர் என்கிற இடைநிலைத் தேர்வின் இரண்டு குரூப்பையும் முடித்தால்தான் சேரவே முடியும். சென்னையிலிருக்கும் என் பழைய மாணவர்கள், "ரெண்டு வருஷத்தையும் ஊர்ல கழிச்சா எப்படி சார், நேரா பெரிய ஆபீசுக்கு அனுப்புங்க" என்கிறார்கள். பெரிய ஆபீசில் ஒரு கம்பெனியின் ஒரு தலைப்பை மட்டும் ஒரு வருஷம் பார்ப்பாய், இங்கே கொள்முதலிலிருந்து வரி வரை முழுக் கணக்கையும் ஒருவனே பார்ப்பாய் என்பது என் கட்சி. ஆனால் கேம்பஸில் முதலில் கேட்பது ஆபீஸ் பெயரைத்தான், அதையும் நான் மறுக்கவில்லை. இடையில் மாறிக்கொள்ளலாம் என்றால் விதிகள் அவ்வளவு லேசில் விடாது. இந்த வருஷம் இன்டர் முடித்த அறந்தாங்கிப் பெண்ணிடம் இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னேன். அவள் சென்னையைத் தேர்ந்தெடுத்தாள். சேர்வதற்கு இரண்டு மாதம் இருந்ததால் அதுவரை இங்கே வந்துகொண்டிருக்கிறாள். மணமேல்குடிப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவரின் கணக்கைக் கொடுத்திருக்கிறேன். ஐஸ் செலவுக்கும் மீன் வரத்துக்கும் பொருந்தவில்லை என்று நேற்று வந்து நின்றாள்.